மணிக்கட்டுக் கணினியும் எல்லைத் தமிழும்

கணினி சுருங்கிச் சுருங்கி மனிதரின் மணிக்கட்டில் வந்து அமர்ந்துவிட்டதை ஒரு நாகரிக வெற்றியாகக் கொண்டாடுவோர் பெருகிவிட்டனர். கல்வியைப் பற்றிப் பேசுவோரும் இந்தக் கொண்டாட்டத்தில் சேர்ந்துகொண்டனர். நாளைய மாணவர் புத்தகப்பை சுமக்க மாட்டார், கையில் கட்டிய பட்டையே அவருக்கு நூலகமும் ஆசிரியரும் தேர்வறைக் கண்காணிப்பாளருமாக இருக்கும் என்கிறார்கள். பாறசாலைக் கடைத்தெருவிலும் நெய்யாற்றின்கரைச் செல்பேசிக் கடைகளிலும் அந்தப் பட்டைகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. அவற்றுள் விலை மலிந்த பலவற்றில் ஒரு தமிழ்க் குறுஞ்செய்தி வந்தால் எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்களே தெரியும். வெற்றியின் முதல் சான்று அது.

உடலில் அணிந்து செல்லத்தக்க கணினி இயங்குதளம் ஒன்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நம்மிடையே இருக்கிறது. அதற்குத் திரை கிடையாது. இதயத் துடிப்பை எண்ணாது. எத்தனை அடி நடந்தோம் என்று எவருக்கும் அறிவிக்காது. விரல் நீளப் பென்டிரைவ் ஒன்று, அதைக் கோத்துக் கழுத்தில் மாட்ட அடையாள அட்டையின் நாடா. அவ்வளவே. ரப்பர்க் கைப்பட்டையின் முனையில் யுஎஸ்பி செருகியை ஒளித்து வைத்த அணிகளும் முன்பே விற்பனைக்கு வந்துபோயின. எந்த மேசைக் கணினியிலும் இதைச் செருகி, அதிலிருந்தே தொடங்குமாறு கணினிக்கு ஆணையிட்டால், அந்தக் கணினியின் உள்வட்டைத் தொடாமலே முழு இயங்குதளமும் எழுந்து நிற்கும். வேலை முடிந்து பிடுங்கினால், மேசையில் இருப்பது பழையபடி பள்ளியின் கணினி. கழுத்தில் இருப்பது மாணவரின் கணினி.

இதன் உள்ளமைப்பு எளியது. இயங்குதளம் படிக்க மட்டுமே இயலும் சுருக்கிய கோப்பாக ஒரு பகுதியில் கிடக்கும். அதன்மேல் எழுதத்தக்க மெல்லிய அடுக்கு ஒன்று விரிக்கப்படும். அச்சிட்ட பாடநூலின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைப்பது போல, மாணவர் மாற்றிய மொழி, தேர்ந்த விசைப்பலகை, சேமித்த கோப்பு யாவும் அந்த அடுக்கில் தங்கும். ஜெர்மனியின் கிளாஸ் க்னாப்பர் 2000-ஆம் ஆண்டில் குறுவட்டிலிருந்தே இயங்கும் க்னாப்பிக்ஸ் லினக்ஸை வெளியிட்டபோது இந்த வழி பரவலாக அறிமுகமாயிற்று. 2009 ஜூனில் சுகர் லேப்ஸ் என்ற அமைப்பு, குழந்தைகளுக்கான சுகர் கற்றல் சூழலைப் பென்டிரைவில் ஏற்றி ‘சுகர் ஆன் எ ஸ்டிக்’ என்று வழங்கியது. குழந்தைக்கொரு மடிக்கணினி வாங்க இயலாத பள்ளியில் குழந்தைக்கொரு குச்சியாவது இருக்கட்டும் என்பது அதன் நியாயம். மைக்ரோசாஃப்டும் 2012-இல் விண்டோஸ் 8 உடன் ‘விண்டோஸ் டு கோ’ என்று இதையே தந்தது; ஆனால் பெருநிறுவனங்களுக்கான பதிப்பில் மட்டும். 2020-இல் அதையும் நீக்கிவிட்டது. கட்டற்ற மென்பொருள் உலகில் மட்டும் இந்த வழி இன்றும் திறந்தே கிடக்கிறது.

இந்தியாவுக்கும் இக்கருத்து புதிதன்று. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் 2001-இல் உலகுக்குக் காட்டிய சிம்ப்யூட்டர், லினக்ஸில் இயங்கிய கையடக்கக் கணினி. அதில் ஸ்மார்ட் கார்டு செருகும் வாய் ஒன்று இருந்தது. ஓர் ஊருக்கே பொதுவான கருவி, ஆளுக்கொரு அட்டை. அட்டையைச் செருகுபவரின் விவரங்களோடு கருவி அவருடையதாகிவிடும். வணிகத்தில் சிம்ப்யூட்டர் தோற்றது. கருவி பொதுவாயிருக்கலாம், அதில் பணிபுரியும் சூழல் அவரவருடையதாயிருக்க வேண்டும் என்ற அதன் அடிப்படைச் சிந்தனை தோற்கவில்லை. அதைக் கையிலெடுக்க ஆளில்லாமல் போயிற்று.

மணிக்கட்டுக் கணினியின் வரலாறு வேறு திசையில் போனது. 2000-இல் ஐபிஎம் ஆய்வகம் லினக்ஸ் இயங்கும் கைக்கடிகாரத்தைச் செய்து காட்டியது. சந்திரா நாராயணசுவாமி தலைமையிலான குழுவின் சாதனை அது. அணிபவரே ஆளக்கூடிய கணினி என்ற கனவு அதில் இருந்தது. அந்தக் கனவின் வாரிசுகளாகச் சந்தைக்கு வந்தவை அணிபவரை அளக்கும் கருவிகள். பெபிள் என்ற கடிகாரத்தை ஆசையோடு வாங்கியோர், 2016 டிசம்பரில் அந்நிறுவனம் கடையை மூடியதும் கைவிடப்பட்டனர். ஆர்வலர்கள் தாமாக முன்வந்து சேவைகளை மறுபடி கட்டியதால் அக்கடிகாரங்கள் பிழைத்தன. சாம்சங் 2021-இல் தன் டைசன் இயங்குதளத்தை விட்டுக் கூகுளின் வேர் ஓஎஸ்ஸுக்குத் தாவியது. பழைய கடிகாரம் அணிந்திருந்தோரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. கையில் கட்டியிருப்பது நம்முடையது, அதற்குள் ஓடுவது நம்முடையதன்று. இப்படியொரு பொருளைப் பள்ளிப் பிள்ளையின் கையில் கட்டுவதைக் கல்விச் சீர்திருத்தம் என்று அழைப்பதற்கு மிகுந்த துணிச்சல் வேண்டும்.

இந்த வேறுபாடு சென்னையில் பாதி விளங்கும். பாறசாலையில் முழுதும் விளங்கும். காரணம் 1956-இல் இருக்கிறது.

மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட வட்டங்களின் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராடியோர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும், செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவை கேரளத்தில் நின்றன. களியக்காவிளை இந்தப் பக்கம், பாறசாலை அந்தப் பக்கம். உறவும் சந்தையும் கோயில் திருவிழாவும் கோட்டைப் பொருட்படுத்தவில்லை; பள்ளிக்கூடம் பொருட்படுத்தியது.

மாநிலங்களை மொழிவழியே பிரித்த அதே 1956-இல், அதே ஏழாவது திருத்தத்தின் வழியாக, அரசியலமைப்பில் 350அ என்ற உறுப்பும் சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறப் போதிய வசதிகள் செய்துதர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது அது. கோடு போட்டவர்களுக்குக் கோட்டின் தவறான பக்கத்தில் குழந்தைகள் நிற்பார்கள் என்பது தெரிந்தே இருந்தது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையர் அரசோடு தம் மொழியில் எழுத்துத் தொடர்பு கொள்ள வழி வைத்தது. பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என நான்கிலும் அச்சாகின்றன. தகவல் தொழில்நுட்பப் பாடநூலும் அவற்றுள் அடக்கம். தாளைப் பொறுத்தவரை கேரளம் பெருமளவு வாக்குக் காத்த மாநிலம். அதை மறுப்பது நேர்மையன்று.

தாள் முடிந்து திரை தொடங்கும் இடத்தில்தான் வழக்கு. பல பிரிவுகள் மாறி மாறி அமரும் கணினி ஆய்வகத்தில் எந்த மொழி இயல்பாக அமையும் என்பதைச் சட்டம் தீர்மானிப்பதில்லை, எண்ணிக்கை தீர்மானிக்கிறது. வாரத்தில் சில பாடவேளைகள் மட்டும் வந்துபோகும் தமிழ்வழிப் பிரிவுக்காக ஒவ்வொரு முறையும் அமைப்பை மாற்றி, மணியடித்ததும் மறுபடி மாற்றி வைக்க எந்த ஆசிரியருக்கும் நேரமிராது. ஆகவே தமிழில் அச்சான பாடநூலை மடியில் வைத்துக்கொண்டு, வேறு மொழியில் விரியும் பட்டியலில் பொத்தானைத் தேடுவது தமிழ்வழிப் பிள்ளையின் விதியாகிறது. இது எவரும் வேண்டுமென்றே இழைக்கும் தீங்கன்று. எவரும் தீங்கு எண்ணாமலே நடப்பதால்தான் எழுபது ஆண்டுகளாக இத்தகைய தீங்குகளை எந்தக் கோப்பிலும் காண இயலவில்லை.

விசைப்பலகையைப் பாருங்கள். கணினித் தமிழைப் பற்றி மேடையில் முழங்குவோர் எவரும் எல்லையில் நின்று விசைப்பலகையைப் பார்த்ததாகத் தெரியவில்லை. தமிழ்நாடு 1999-ஆம் ஆண்டுத் தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 என்ற அமைப்பை ஏற்றது. மலையாளத்துக்குக் கேரள அரசு பயன்படுத்துவது இன்ஸ்கிரிப்ட். இன்ஸ்கிரிப்ட்டின் தனித்தன்மை, இந்திய மொழிகள் அனைத்திலும் ஒரே ஒலிக்கு ஒரே விசை என்பது. மலையாள ‘க’ எந்த விசையிலோ, தமிழ்க் ‘க’வும் அதே விசையில். மலையாளத்தில் தட்டச்சுப் பழகிய பாறசாலைச் சிறுமிக்கு, மொழியை மட்டும் மாற்றினால் தமிழும் பெரும்பாலும் கைவந்துவிடும். விரல் புதிதாகக் கற்க வேண்டியது மிகக் குறைவு. அதே சிறுமி மேல்நிலைப் படிப்புக்குக் களியக்காவிளைக்கோ மார்த்தாண்டத்துக்கோ வந்தால் தமிழ்99 எதிரே நிற்கும். இன்ஸ்கிரிப்ட்டில் ‘எச்’ விசையை அழுத்தினால் ‘ப’ வரும். தமிழ்99-இல் அதே விசையில் ‘க’ வரும். ‘பள்ளி’ என்று அடிக்கப் போன விரல் ‘கள்ளி’ என்று தொடங்கும். (‘எல்’ விசை மட்டும் இரண்டிலும் ‘த’வாக அமைந்தது தற்செயலான கருணை.) இரண்டில் எது சிறந்தது என்ற பழைய சண்டையை இங்கே மறுபடி தொடங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்குள் தமிழ்99 சரியாக இருக்கலாம். இரு மொழிகளில் வாழும் எல்லைப் பிள்ளைக்கு இன்ஸ்கிரிப்ட்டே இலகுவாக இருக்கக்கூடும். தேர்வு அந்தப் பிள்ளையுடையது. தேர்ந்தது எதுவோ அது அந்தப் பிள்ளையோடு எல்லை தாண்டிப் போக வேண்டும். லினக்ஸில் இரண்டு அமைப்புகளும் கிடைக்கின்றன. அரசாணை எதுவும் தேவையில்லை.

தமிழ்நாட்டின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, அந்தக் கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் ஏற்றப்பட்டிருந்தது. இந்திய மொழிகளுக்கென உருவான இயங்குதளம், தமிழ் உட்பட. களியக்காவிளைப் பிள்ளைக்கு அது கிடைத்தது. கூப்பிடு தொலைவில் இருந்த பாறசாலைத் தமிழ்வழிப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளை கேரளத்தின் மாணவர். மடிக்கணினிக்குச் செலவு இருந்தது, எல்லை தாண்டித் தர இயலாமைக்குக் காரணமும் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இயங்குதளத்துக்கு என்ன காரணம்? அது படியெடுத்தால் குறையாத பொருள். ஒரு படிமக் கோப்பையும், பாறசாலைப் பள்ளிகளின் தேவைக்கேற்ற சில மாற்றங்களையும் அனுப்புவதற்குத் தடையாய் இருந்தது அக்கறையின்மை ஒன்றே. தென்னெல்லைப் போராட்டத் தியாகிகளுக்கு ஆண்டுதோறும் மாலை போடும் கைகள், அந்தப் போராட்டத்தில் கிடைக்காமற்போன வட்டத்தின் குழந்தைகளுக்கு ஒரு பென்டிரைவை நீட்டவில்லை.

கேரளத்தின் நிலை இன்னும் வியப்பானது. இந்த வேலைக்கு இந்தியாவிலேயே மிகுந்த தகுதியுள்ள மாநிலம் அது. ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2001-இல் தொடங்கியது. அதே ஆண்டு ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். ஆசிரியர் சங்கங்களின் எதிர்ப்பும் ஆர்வலர்களின் உழைப்பும் சேர்ந்து பள்ளிகளைத் தனியுரிம மென்பொருளிலிருந்து மீட்டன. 2017-இல் அத்திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாயிற்று. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு தன் பாடத்திட்டத்துக்கேற்ற இயங்குதளத்தைத் தானே தொகுத்து, வீட்டுக் கணினிகளிலும் எவரும் நிறுவிக்கொள்ளலாம் என்று பொதுவில் வைக்கும் மாநிலம் அது. பள்ளிதோறும் ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்கள் உண்டு; பிறர் கணினியில் லினக்ஸ் நிறுவிக் கொடுக்கும் விழாக்களை அந்த மாணவர்களே நடத்துகிறார்கள். இத்தனை இருந்தும், ‘கட்டற்ற’ என்ற சொல்லுக்கு உரிமக் கட்டணமின்மை என்ற பொருளே அங்கும் முன்னே நிற்கிறது. எத்தனை கோடி மிச்சம் என்ற கணக்கு ஒவ்வொரு அறிவிப்பிலும் வருகிறது. பயனர் தன் விருப்பப்படி மாற்றி எடுத்துச்செல்லும் உரிமை என்ற மூலப்பொருள் ஆய்வகத்தின் கதவருகே நின்றுவிடுகிறது.

மலையாளிகளுக்குத் தமிழ் எழுத்தின்மேல் பகையில்லை என்பதற்குக் கணினி உலகிலேயே சான்று இருக்கிறது. ‘மீரா இனிமை’ என்ற அழகிய தமிழ் எழுத்துருவை உருவாக்கித் தந்தது சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற கேரளத் தன்னார்வலர் அமைப்பு. அதற்கு ஈடாகத் தமிழர் மலையாளத்துக்கு என்ன செய்தனர் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். தமிழுக்கே என்ன செய்தனர் என்று கேட்டாலும் கடினம்தான்: லினக்ஸ் மேசைத்தளங்களின் தமிழாக்கம் விரல்விட்டு எண்ணத்தக்க தன்னார்வலரின் தோளில் இன்னும் முழுமையடையாமல் நிற்கிறது. பட்டியலைத் தமிழுக்கு மாற்றினாலும் இடையிடையே ஆங்கிலம் எட்டிப் பார்க்கும்.

எதிர்வாதங்கள் எழாமலில்லை. வெளியிலிருந்து வரும் பென்டிரைவில் கணினியைத் தொடங்க விட்டால் பாதுகாப்பு என்னாவது என்பது அவற்றுள் கனமானது. உள்வட்டைக் குறியாக்கம் செய்யலாம்; தொடக்க அமைப்பைக் கடவுச்சொல்லால் பூட்டி, பள்ளி வழங்கிய பென்டிரைவுகளை மட்டும் ஆசிரியர் முன்னிலையில் அனுமதிக்கலாம். முற்றாக இடர் நீங்காது என்பது உண்மை. பென்டிரைவ் உள்வட்டைவிட மெதுவாக ஓடும், எழுதி எழுதித் தேயும், பிள்ளைகள் தொலைப்பார்கள். தொலைந்தால் எவரும் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கவும், மாதமொருமுறை படியெடுத்து வைக்கவும் வழிகள் உண்டு. தொலைந்த பென்டிரைவின் விலை சில நூறு ரூபாய். ஒரு பிள்ளை பாடநூலைத் தொலைத்ததற்காக நாம் பாடநூல் அச்சிடுவதை நிறுத்தவில்லை.

செல்பேசி போதாதா என்பது இன்னொன்று. எல்லையோர வீடுகளில் செல்பேசி பெரும்பாலும் தந்தையுடையது. மாலையில் அவர் வந்த பிறகே அது பிள்ளையின் கைக்கு வரும். தவிர, கேரளப் பத்தாம் வகுப்பின் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வு மேசைக் கணினியில் நடக்கிறது. இங்க்ஸ்கேப்பில் படம் வரைவதையும் பைத்தானில் நிரல் எழுதுவதையும் கைக்கடிகாரத்தில் பழக முடியாது, செல்பேசியிலும் சரியாகப் பழக முடியாது. வீட்டுக்கு அருகே எங்காவது ஒரு பழைய கணினி இருக்கும்: ஊராட்சி நூலகத்தில், அச்சகத்தில், அண்டைவீட்டு அக்காவின் மேசையில். கழுத்தில் இயங்குதளம் இருக்கும் பிள்ளைக்கு அவை அனைத்தும் ஆய்வகங்கள்.

மலையாளம் கற்றுக்கொண்டால் என்ன என்பது மூன்றாவது. அவர்களுக்கு மலையாளம் தெரியும். கேட்பவர்களுக்குத்தான் தமிழ் தெரியாது.

நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவரின் கதை இங்கே நினைவுக்கு வருவது இயல்பு. சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை அந்த மண்ணில் பிறந்த பத்திரிகையாளர். 1910 செப்டம்பரில் திருவிதாங்கூர் அரசு அவருடைய பத்திரிகையைத் தடைசெய்து, வக்கம் மௌலவிக்குச் சொந்தமான அச்சகத்தைப் பறிமுதல் செய்து, அவரைத் திருநெல்வேலிப் பக்கம் நாடு கடத்தியது. அச்சு இயந்திரம் கனமானது. அதை ஓர் அரசால் பூட்டி வைக்க முடிந்தது. இன்றைய கணினி ஆய்வகத்தை எவரும் பறிமுதல் செய்யப் போவதில்லை. ஆனால் இயந்திரம் நிறுவனத்துடையதாக இருக்கும்வரை, அதில் எந்த எழுத்து முதலில் தோன்ற வேண்டும் என்பதும் நிறுவனத்தின் முடிவாகவே இருக்கும் என்பது 1910-க்குப் பிறகு மாறவில்லை.

செய்ய வேண்டியது பெரிய வேலையன்று. கைட் இயங்குதளத்தின் நடப்புப் பதிப்பிலிருந்து, தொடக்கத் திரையிலேயே தமிழைத் தேர்ந்துகொள்ளத்தக்க ஒரு பென்டிரைவ் படிமம் வேண்டும். உபுண்டுவின் பொதுப்பதிப்பில் தமிழ் மொழிப்பொதியைத் தனியே இணையத்திலிருந்து இறக்க வேண்டியிருக்கும். இணையம் தடுமாறும் ஊர்களை எண்ணி, இந்தப் படிமத்தில் அது உள்ளேயே இருக்க வேண்டும். இன்ஸ்கிரிப்ட்டும் தமிழ்99-உம் அருகருகே வேண்டும். தமிழ்வழிப் பாடநூல்களும் அதற்குள்ளேயே கிடக்கலாம். இடம் தாராளமாக இருக்கிறது. சொல்லாக்கத்தின் விடுபட்ட பகுதிகளை நிரப்பித் தருவது சென்னையிலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கடமை. தமிழ் எழுத்துருக்களையும் விசைப்பலகைச் செயலியையும் இலவசமாக வழங்கும் நிறுவனத்துக்கு இது புதுத் தொழிலன்று. பென்டிரைவுகளில் படிமத்தை ஏற்றிக் கொடுப்பதைப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளின் லிட்டில் கைட்ஸ் மாணவர்களே செய்வார்கள். ஒரு சனிக்கிழமை போதும். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு மலையாளவழிப் பிள்ளைகள் ஏற்றிக் கொடுக்கும் அந்தச் சனிக்கிழமைக்காகவேனும் இதைச் செய்யலாம்.

படிமத்தை உருவாக்கும் கருவிகளும் ஆட்களும் கைட் தலைமையகத்தில் இருக்கிறார்கள். அது திருவனந்தபுரம் பூஜப்புரையில் உள்ளது. அங்கிருந்து பாறசாலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர்.